தையல் கடைக்கும் ஆரி வேலைக்கும் வாடிக்கையாளர்களைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு முன்னறையில் ரெண்டு மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர்கள், சின்ன ஊரில் பொட்டிக் வைத்திருப்பவர்கள், ஆரி என்ற கொக்கி ஊசிப் பூவேலையைக் கற்றுக்கொண்டு இப்போதுதான் ஆர்டர் எடுக்கத் தொடங்கியவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நான் ஈரோடு பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவள். அதனால் விலையும் வழக்கமும் எங்கள் பக்கத்து ஊர்களை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் சென்னையிலோ நாகர்கோவிலிலோ இருந்தால் தொகையை மட்டும் உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எந்த விளம்பரத்தில் போடலாம்?

இப்போதைக்கு எதிலும் போட வேண்டாம். முதலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, திரை போட்டு மறைத்த ஒரு டிரையல் இடம், நல்ல வெளிச்சம், உங்கள் நம்பர் அச்சடித்த பில் புக். வீட்டில் நடத்தும் கடைகளில் பெரும்பாலும் போட்டுப் பார்க்க இடமே இருக்காது. வாங்கிப் போனவர் வீட்டில் போட்டுப் பார்த்து, கை பிடிக்கிறது, முதுகு தூக்குகிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்து சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு அடுத்த ஜாக்கெட்டை வேறு கடையில் கொடுத்துவிடுவார். ஏன் வரவில்லை என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. கடையிலேயே போட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், சின்ன வேலைகளைத் தட்டிக் கழிக்காதீர்கள். "ஆல்ட்டர் எடுப்பதில்லை" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கடைகள் எத்தனையோ இருக்கின்றன, அது உங்களுக்கு நல்லதுதான். முன்பின் தெரியாத கடையில் எந்தப் பெண்ணும் முகூர்த்தப் பட்டோடு வந்த பிளவுஸ் துணியை முதல் நாளே கொடுக்க மாட்டார். சேலைக்கு ஃபால்ஸ் வைக்கக் கொடுப்பார், சுடிதார் கையை ஏற்றித் தரச் சொல்வார், பழைய ஜாக்கெட்டை லூஸ் செய்யக் கொடுப்பார். அதில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்துத்தான் அடுத்தது வரும். ஆல்ட்டர் வேலையில் லாபம் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் புதுக் கடைக்கு அதைவிட மலிவாக ஆள் சேர்க்கும் வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நன்றாகத்தான் தைக்கிறேன், ஆனாலும் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது குறைவாக இருக்கிறதே?

தேதியைக் கவனியுங்கள். எந்த ஊரிலும் டெய்லரைப் பற்றிப் பெண்கள் பேசினால் முதலில் வரும் குறை "சொன்ன நாளில் தர மாட்டார்" என்பதுதான், தையல் சரியில்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாலு முறை நடக்க விட்ட கடையை, எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும், தன் தங்கைக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் மனசு வராது. சுமாராகத் தைத்தாலும் சொன்ன தேதியில் கொடுக்கும் கடையை எல்லாரும் தைரியமாகச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் மற்ற எதையும் செய்யாமல் இது ஒன்றை மட்டும் சரிசெய்தாலே ஆர்டர் கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி ஒன்று வாங்குங்கள். ஒரு நாளைக்கு உங்களால் நாலு லைனிங் பிளவுஸ் முடிக்க முடியும் என்றால் ஒவ்வொரு தேதியிலும் நாலு கோடு மட்டும் போட்டுவையுங்கள். ஆர்டர் எடுக்கும்போது பில்லில் எழுதும் முன் டைரியைத் திறந்து, கோடு காலியாக இருக்கும் தேதியைத்தான் சொல்ல வேண்டும். நாலும் நிறைந்துவிட்டால் அந்தத் தேதி முடிந்தது, கேட்பவர் சித்தியாக இருந்தாலும் சரி. வாரத்தில் ஒரு நாளைக் காலியாகவே விடுங்கள், கரண்ட் போகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஆரி போடும் பெண் ஊருக்குப் போய்விடுவாள், அதற்கெல்லாம் அந்த நாள் தேவைப்படும். விசேஷத் துணி என்றால் விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே டெலிவரி தேதி போடுங்கள், போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும். தைத்து முடித்ததும், அவர் கேட்பதற்கு முன் நீங்களே "அக்கா, ஜாக்கெட் ரெடி, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுங்கள். டெய்லரிடமிருந்து தானாக அப்படி ஒரு தகவல் வருவது பலருக்குப் புதுசாக இருக்கும், வீட்டில் சொல்வார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள்.

வாட்ஸ்அப்பில் என்னென்ன செய்யணும்?

சொந்த நம்பரையும் கடை நம்பரையும் பிரித்துவிடுங்கள். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான், ஒரே போனில் சாதாரண வாட்ஸ்அப் ஒரு நம்பரிலும் இது இன்னொரு நம்பரிலுமாக ஓடும். அதில் கடை நேரம், முகவரி, மேப் எல்லாம் போடலாம். கேட்டலாக் என்ற பகுதியில் மாடல் போட்டோவையும் விலையையும் ஏற்றிவிட்டால் "ரேட் என்ன" என்று கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் போட்டோ தேடி அனுப்ப வேண்டியதில்லை. லேபிள் வசதியையும் பயன்படுத்துங்கள், "அட்வான்ஸ் வந்தது", "ஆரி நடக்கிறது", "ரெடி" என்று போட்டுவைத்தால் யாருடைய வேலை எங்கே நிற்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும்.

பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி, இந்த விஷயத்தில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். ஆகவே நம்பரைச் சேவ் செய்யவைப்பதுதான் முதல் வேலை. ஆர்டர் எடுத்தவுடன் பில்லைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் கவுண்டரில் நிற்கும்போதே "இந்த நம்பரை கடைப் பேர்ல சேவ் பண்ணிக்கோங்க, ரெடியானதும் இதிலிருந்துதான் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

வாடிக்கையாளர்களை வைத்து குரூப் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பெண்களுக்கு அது பிடிக்காது, நியாயமும்தான். ஸ்டேட்டஸ் போதும். ஆனால் ஒரே நாளில் இருபது போட்டோ போட்டால் யாரும் கடைசி வரை பார்க்க மாட்டார்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று முடிந்த வேலை, ஒன்று நடந்துகொண்டிருக்கும் வேலை, இன்னொன்று உபயோகமான தகவல்: "ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆரி ஆர்டர் இந்த மாசக் கடைசி வரைதான் எடுப்போம்" என்பது மாதிரி.

"ரேட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்களே, என்ன பதில் சொல்வது?

ஒரே ஒரு தொகையைச் சொன்னால் அவர் அதை வைத்து ஒப்பிட மட்டும்தான் செய்வார். மூன்று போட்டோ அனுப்புங்கள், மூன்றும் நீங்கள் போட்டதாகவே இருக்கணும்: கழுத்தைச் சுற்றி மட்டும் எளிமையான வேலை, கழுத்தும் கையும், முதுகு முழுக்க நிறைந்த கல்யாண வேலை. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் விலை. அதோடு ஒரு கேள்வி: "விசேஷம் என்னைக்கு?" தேதி சொல்பவர் நிஜமாகவே ஆர்டர் கொடுக்க வந்தவர், அவரிடம் உடனே போனில் பேசுங்கள். தேதி சொல்லாதவரை அப்படியே விட்டுவிடலாம், அவர் பின்னால் ஓடுவதில் பயனில்லை.

கூகுள் மேப்பில் கடையைப் போடுவது அவசியமா? அதற்குப் பணம் கட்டணுமா?

அவசியம். ஒரு பைசா கட்ட வேண்டாம். "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை மேலே கொண்டுவர இவ்வளவு" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், மேப்பில் கடையைச் சேர்க்க கூகுள் காசு கேட்பதில்லை, விளம்பரம் தவிர்த்த வரிசையில் காசு கொடுத்து முன்னால் வரவும் முடியாது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற பக்கத்தில் உங்கள் ஜிமெயிலில் நுழைந்து கடைப் பெயர், வகை, நேரம், நம்பர் கொடுத்தால், இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: தெரு, போர்டு, உள்ளே மெஷின், நீங்கள் கடையைத் திறந்து உள்ளே போவது, இதெல்லாம் ஒரே தொடர்ச்சியாகத் தெரியணும். போர்டு இல்லாமல் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே சின்னதாகவாவது ஒரு போர்டை மாட்டிவிட்டு எடுங்கள்.

போர்டில் என்ன பெயரோ அதையே போடுங்கள். பெயருக்குப் பின்னால் "பெஸ்ட் ஆரி பிரைடல் பிளவுஸ் ஈரோடு" என்று வால் ஒட்டினால் சீக்கிரம் மேலே வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்; கூகுள் விதிப்படி அது தப்பு, புரொஃபைலையே முடக்கிவிடலாம். ஊர்ப் பெயரும் வேலையின் பெயரும் வர வேண்டிய இடம் விளக்கப் பகுதியும் சேவைப் பட்டியலும்தான். தேடுபவர் கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரம் உங்கள் கையில் இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன.

வீட்டிலேயே தைக்கிறீர்கள், முகவரியை எல்லாருக்கும் காட்டப் பயமாக இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிகளுக்கு நீங்களே நேரில் போய்த் துணி வாங்கி அளவெடுத்து வருகிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். தனியாக இருக்கும் பெண்கள் யோசிக்காமல் அப்படிச் செய்யுங்கள்.

ரிவியூ கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தள்ளுபடி கொடுத்துக் கேட்கலாமா?

கூடாது. ரிவியூவுக்குப் பணமோ தள்ளுபடியோ கொடுப்பதை கூகுள் அனுமதிப்பதில்லை. கூச்சப்படாமல் கேட்க ஒரு நல்ல நேரம் இருக்கிறது: டிரையலில் கண்ணாடி முன் நின்று அவர் முகம் மலரும் அந்த நேரம். "அக்கா, இதையே கூகுளில் ரெண்டு வரி எழுதிடுங்களேன், தமிழ்லயே எழுதலாம்" என்று சொல்லி, புரொஃபைலில் கிடைக்கும் ரிவியூ லிங்க்கை அங்கேயே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்றவர்களில் எழுதியவர்கள் குறைவு. என்ன தைத்தார்கள் என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள், "சூப்பர்" என்ற ஒரு வார்த்தையைவிட "பொண்ணு சீருக்குப் பட்டு பிளவுஸ் குடுத்தோம், சொன்ன தேதிக்குக் கிடைச்சுது" என்ற வரி படிப்பவருக்கு எவ்வளவோ சொல்லும்.

மோசமான ரிவியூ வந்தால் சண்டைக்குப் போகாமல், நடந்ததை ரெண்டு வரியில் ஒப்புக்கொண்டு சரிசெய்து தருவதாக எழுதுங்கள். உங்கள் பதிலை அந்த ஒருவரைவிட அதிகமாகப் படிக்கப்போவது இனி வரப்போகிறவர்கள்தான்.

இன்ஸ்டாவில் ரீல்ஸ் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள், ஆர்டர் மட்டும் வரவில்லை. ஏன்?

பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று பாருங்கள். ஆரி ரீல்ஸை ஆந்திராக்காரர் பார்ப்பார், கேரளாவில் பார்ப்பார்கள், உங்களை மாதிரியே ஆரி கற்றுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் பார்ப்பார்கள். அவர்கள் யாரும் கோபிசெட்டிபாளையத்துக்கு அளவு கொடுக்க வரப்போவதில்லை. ரீலின் முதல் சில விநாடிகளிலேயே ஊர்ப் பெயர் எழுத்திலும் குரலிலும் வரணும், புரொஃபைல் பெயரிலும் ஊர் இருக்கணும், லொகேஷன் போடணும். எந்த விலையிலிருந்து தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க" என்று எழுதினால் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

எதை எடுப்பது என்றும் கேட்கிறார்கள். மாடல் பெண்ணும் ஸ்டூடியோவும் வேண்டாம். ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணியில் சுவர்க் கோலம் மாதிரி மார்க்கிங் மட்டும் இருக்கும் நிலையிலிருந்து ஆரம்பித்து, ஜரி நூல் ஏறி, கட் பீட்ஸ் வைத்து, கடைசியில் கல் ஒட்டுவது வரைக்கும் நாளுக்குக் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தால் அது ஒரு ரீல். முதுகில் சுருக்கம் விழுந்த ஜாக்கெட்டைப் பிரித்துச் சரிசெய்து காட்டுவது இன்னொன்று, இது எப்போதும் நன்றாகப் போகும், ஏனென்றால் அந்தச் சுருக்கம் இல்லாத பெண்ணே ஊரில் இல்லை. இணையத்திலிருந்து எடுத்த அடுத்தவர் போட்டோவை உங்கள் வேலை என்று மட்டும் போடாதீர்கள். அதைக் காட்டி ஆர்டர் வந்து, கையில் கொடுக்கும்போது அந்த நேர்த்தி இல்லாவிட்டால் அந்தக் குடும்பமே போய்விடும். மணப்பெண் போட்டோவைப் போடும்முன் அவரிடம் கேளுங்கள், முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே முதுகுப்பக்கம் மட்டும் போடுங்கள்.

வெளியூர், வெளிநாட்டு ஆர்டர் வந்தால் அளவு ஜாக்கெட்டைக் கூரியரில் வரவழைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். போனில் இன்ச் சொல்லித் தைத்த பிளவுஸ் சரியாக உட்காரும் என்று எந்த டெய்லரும் சத்தியம் செய்ய முடியாது. அதுவும் முடியாதென்றால் ஆரி மட்டும் போட்டுத் துணியாகவே அனுப்பிவிடுங்கள், அவர் ஊரில் தைத்துக்கொள்ளட்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் காசு கட்டி விளம்பரம் போட்டால் கட்டுப்படியாகுமா?

எந்த வேலைக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறீர்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540. வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் கேட்டு அதில் ஆறு பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று வையுங்கள். ஒரு ஆர்டருக்கு 590 ரூபாய் செலவு. சாதா லைனிங் பிளவுஸில் கூலி, நூல், லைனிங் எல்லாம் போக இருநூறு நின்றால் ஒவ்வொரு ஆர்டரிலும் கைக்காசு போகிறது. அதே ஆறும் ஆறாயிரம் ரூபாய் கல்யாண பிளவுஸாக இருந்து, ஒன்றுக்கு இரண்டாயிரம் நின்றால் தாராளமாகப் போடலாம். ஆகவே விளம்பரம் ஆரிக்கும் கல்யாண செட்டுக்கும் மட்டும்தான்.

போடுவதானால் கடையைச் சுற்றி 10, 15 கிலோமீட்டர் மட்டும் காட்டும்படி வையுங்கள், "தமிழ்நாடு முழுக்க" என்று வைத்தால் பணம் திருநெல்வேலியில் கரையும். தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரம்தான் நம் தொழிலுக்குச் சரி. சீசன் தொடங்கின பிறகு போடுவதில் புண்ணியமில்லை, ஒன்றரை மாதம் முன்னால் போடணும்.

அந்த சீசன் கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்களேன்?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். தை, பங்குனி, வைகாசி, ஆவணி, இவற்றில்தான் கூட்டம். ஆடியில் கடை காலியாக இருக்கிறது என்று கவலைப்படுபவர்கள் ஒன்றை யோசியுங்கள்: ஆடித் தள்ளுபடியில்தான் ஊரே சேலை எடுக்கிறது, ஆவணிக் கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும் அப்போதே தொடங்கிவிடுகிறது. சேலை வீட்டுக்கு வந்த வாரத்தில் அவர்கள் கண்ணில் படுகிற டெய்லருக்குத்தான் அந்த பிளவுஸ். ஆடி முதல் வாரத்திலேயே "இப்போது கொடுத்தால் ஆரி நிதானமாகப் போடலாம், கூட்டம் இல்லை" என்று ஸ்டேட்டஸ் போடுங்கள், பழைய வாடிக்கையாளர்களில் கல்யாண வயதில் பெண் இருக்கும் அம்மாக்களுக்கு நேராகவே போன் பண்ணுங்கள். மார்கழியில், தை மாதக் கல்யாணங்களுக்கும் இதே மாதிரி செய்யுங்கள்.

தீபாவளிக்கு ஆர்டர் எடுப்பதை மூன்று வாரம் முன்னால் நிறுத்திவிட்டு, நிறுத்தும் தேதியைக் கடை வாசலில் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தேதி தெரிந்தால் கொடுக்க நினைப்பவர்கள் முன்னாடியே கொடுத்துவிடுவார்கள். மே, ஜூனில் ஸ்கூல் யூனிஃபார்ம். வளைகாப்பு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பார்த்து வருவதால் வருஷம் முழுக்க இருக்கும், அதற்கென்று தனியாக நாலு மாடல் செய்துவையுங்கள்.

கமிஷன் கொடுத்து ஆள் அனுப்பச் சொல்லலாமா? யாரிடம் கேட்பது?

கல்யாண ஆர்டர் எங்கே உருவாகிறது என்று யோசித்தால் யாரிடம் போக வேண்டும் என்பது தானே தெரியும். முகூர்த்தப் பட்டு எடுக்கும் ஜவுளிக்கடையில் சேலையை மடித்துக் கொடுக்கும் விற்பனைப் பெண்ணிடம்தான் "இங்க பிளவுஸ் யார் நல்லா தைப்பாங்க?" என்ற கேள்வி முதலில் விழும். அதற்கு அடுத்து மணப்பெண் மேக்கப் போடும் பியூட்டிஷியன், மெஹந்தி போடுபவர், போட்டோகிராபர். பத்திரிகை அடிக்கும் அச்சகத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள், எந்தத் தெருவில் என்றைக்குக் கல்யாணம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போனவுடன் கமிஷன் பேசாதீர்கள். அந்த விற்பனைப் பெண்ணுக்கு ஒரு பிளவுஸ் காசு வாங்காமல் தைத்துக் கொடுங்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நிற்கும்போது கேட்பவருக்கு அங்கேயே காட்டுவார். தனக்குச் சரியாக உட்கார்ந்த ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் உறுதி கமிஷனுக்காகச் சொல்லும்போது வராது. பியூட்டிஷியனுக்கு வேறு ஒரு உதவி செய்யலாம். இப்போது சேலையை முன்கூட்டியே மடிப்பு எடுத்து அயர்ன் செய்து கொடுக்கும் ப்ரீ ப்ளீட்டிங் எல்லாரும் கேட்கிறார்கள், கல்யாண நாள் அதிகாலையில் அவருக்கு அதற்கு நேரமிருக்காது. அவர் அனுப்பும் மணப்பெண்ணுக்கு அதை நீங்கள் செய்துகொடுத்தால் அவருக்கும் லேசு, உங்கள் பெயரும் மண்டபத்துக்குள் போய்விடும். பதிலுக்கு உங்களிடம் வருபவர்களுக்கு நீங்களும் அவர் பெயரைச் சொல்லுங்கள். அதன் பிறகும் கமிஷன் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அதை வாடிக்கையாளர் விலையில் ஏற்றாதீர்கள், ஒருநாள் தெரிந்துவிடும்.

பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் குறைவு. நானும் குறைக்கணுமா?

வேண்டாம். குறைத்தால் அவரும் குறைப்பார், கடைசியில் ரெண்டு பேருக்கும் கூலி நிற்காது. அதற்குப் பதில் ரேட் போர்டு ஒன்று எழுதி மாட்டுங்கள்: சாதா பிளவுஸ், லைனிங், பிரின்சஸ் கட், பைப்பிங், டோரி (முதுகில் கட்டும் கயிறு), ஃபால்ஸ், சாரி குச்சு, எல்லாம் தனித்தனியாக. தைத்து முடித்த பிறகு "பைப்பிங்குக்கு ஐம்பது, டோரிக்கு முப்பது" என்று கூட்டிச் சொல்லும்போதுதான் மனக்கசப்பு வருகிறது, முதலிலேயே தெரிந்த விலைக்கு யாரும் கோபப்படுவதில்லை. விலை அதிகம் என்பவருக்கு உங்கள் ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டுங்கள். ஓவர்லாக் அடித்த ஓரம், பிற்பாடு பிரித்து லூஸ் செய்ய ரெண்டு பக்கமும் விட்டிருக்கும் துணி, கையால் தைத்த ஹூக். அந்த நூறு ரூபாய் எங்கே போகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஆரிக்குப் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்காமல் ஃபிரேமில் துணியைக் கட்டாதீர்கள்.

நோட்டீஸ், ஃபிளெக்ஸ் பேனர், லோக்கல் டிவி, இதெல்லாம்?

பேப்பருக்குள் வைத்து வரும் நோட்டீஸ் படிக்காமலே குப்பைக்குப் போகிறது, கடை திறக்கும் வாரம் தவிர வேண்டாம். ரோட்டோரம் அனுமதியில்லாமல் பேனர் கட்டவே கட்டாதீர்கள். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் வண்டியில் போன ஓர் இளம்பெண் மேல் பேனர் விழுந்து உயிர் போனது, ஒரு பிளவுஸ் ஆர்டருக்காக அப்படி ஒரு ஆபத்தை நாம் ரோட்டில் தொங்கவிடக் கூடாது. கடை போர்டில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்கட்டும், அரசு விதியும் அதுதான், எதிர்ப்புறம் பஸ்ஸில் போகிறவருக்கு "ஆரி, பிளவுஸ், ஆல்ட்டர்" என்ற மூன்று வார்த்தையும் நம்பரும் தெரிந்தால் போதும்.

நான் எல்லாருக்கும் சொல்வது லேபிள். கடைப் பெயரும் நம்பரும் நெய்த சின்னத் துணி லேபிள் மொத்தமாக வாங்கினால் ஒன்றுக்குச் சில ரூபாய்தான் ஆகும், திருப்பூரில் ஆர்டர் கொடுத்தால் செய்து அனுப்புவார்கள். அதைப் பின்கழுத்தின் உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் அறைக்குள் நாலைந்து பெண்கள் ஒன்றாக உடை மாற்றும்போது "இதை எங்க தைச்சே?" என்று ஒருவர் கேட்டால், போட்டிருப்பவருக்கு உங்கள் நம்பர் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஜாக்கெட்டிலேயே இருக்கும். மெல்லிய லேபிளாகப் பாருங்கள், கழுத்தில் குத்தினால் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

வருஷச் சந்தா கட்டினால் லீட், அதாவது விசாரிப்பவர்களின் நம்பர், தருகிறோம் என்று சில இணையதளங்கள் கூப்பிடுகின்றன, சேரலாமா?

இலவசப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள், அதில் நஷ்டமில்லை. பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ஒருவர் விசாரித்தால் அவர் நம்பரை எத்தனை கடைகளுக்குக் கொடுப்பீர்கள்? பல கடைக்குப் போகிறது என்றால் அங்கே விலை குறைத்தவருக்குத்தான் ஆர்டர். மொத்தமாக வருஷத்துக்குக் கட்டாமல் ஒரு மாசத்துக்குத் தருவார்களா என்று பாருங்கள்.

உத்யம் பதிவு, ஜிஎஸ்டி இருந்தால் ஆர்டர் வருமா?

வீட்டு வாடிக்கையாளர் அதையெல்லாம் கேட்க மாட்டார். 2020 ஜூலையிலிருந்து இருக்கும், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் வைத்து இலவசமாகவே செய்யலாம், பேங்க் லோனுக்கு உதவும், செய்துவிடுங்கள். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே தையல் கூலி வாங்குபவர் பொதுவாக ஜிஎஸ்டி எடுக்கத் தேவையில்லை. தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, கம்பெனி யூனிஃபார்ம் மொத்தமாக எடுக்கும்போது பில் கேட்பார்கள், அப்போது ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளலாம். அரசுப் பள்ளி இலவசச் சீருடை வேலை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள் வழியாகத்தான் வருகிறது, அதில் விருப்பமிருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உறுப்பினர் சேர்க்கை பற்றிக் கேளுங்கள்.

துணி கெட்டுவிட்டது, அல்லது பிளவுஸ் சரியாக வரவில்லை என்று சத்தம் போட்டால்?

முதலில் உள்ளே உட்கார வையுங்கள், வாசலில் வைத்துப் பேச வேண்டாம். "அளவு ஜாக்கெட் அப்படித்தான் இருந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். போட்டுக் காட்டச் சொல்லி, சாக்பீஸால் குறித்து, அவர் இருக்கும்போதே பிரித்துத் தைத்துக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். துணியே போய்விட்டது என்றால் அதே நிறத்தில் துணி எடுத்துத் தைத்துத் தர வேண்டியது நம் பொறுப்பு. பட்டுச் சேலையோடு வந்த பிளவுஸ் துணிக்கு மாற்றே கிடைக்காது என்பதால் அதை வெட்டும்முன் மேஜையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று கடையில் ஒரு சட்டமே வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சரிசெய்து கொடுத்தவர்கள் விட்டுப் போவதில்லை, பல நேரம் மற்றவர்களைவிட அதிகமாக ஆள் அனுப்புபவர்களும் அவர்கள்தான்.

எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பில் புக்கில் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் அச்சடியுங்கள்: "யார் சொல்லி". புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள், மேப், இன்ஸ்டா, இன்னார் சொன்னார்கள், போர்டு பார்த்து. மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பணமும் நேரமும் எங்கே போடணும் என்பது தெரியும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுங்கள்.

இப்போது ஆர்டர் நிறைய வருகிறது, எடுக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் போய்விடுவார்களே?

எடுத்துவிட்டுத் தாமதமாகக் கொடுத்தால்தான் போய்விடுவார்கள். டைரியைத் திறந்து காட்டி, "இந்தத் தேதிக்கு மேல்தான் அக்கா முடியும், அவசரம்னா நான் சொல்ற இடத்துல குடுங்க" என்று நீங்கள் நம்பும் இன்னொரு டெய்லரின் நம்பரைக் கொடுங்கள், அவருடைய கூட்டமான நாளில் அவரும் உங்களுக்கு அனுப்புவார். ஹூக், எம்மிங், ஃபால்ஸ் எல்லாம் தெருவில் உள்ள பெண்களுக்குப் பீஸ் ரேட்டில் கொடுத்துவிட்டு, கட்டிங்கையும் டிரையலையும் மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மூன்று மாதம் தொடர்ந்து டைரி நிறைந்தே இருந்தால் விலையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது, பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.